பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று கல்லில் எழுதிய இடம்



சென்ற மாதம் இப்பகுதியில் சமையலறைச் செலவைச் சுருக்குவது பற்றிக் கதைத்தோம். இம்மாதம் சமையலறையை விட்டு, வீட்டுக் கதவையும் திறந்துகொண்டு, சற்று வெளியே போய் வருவோமா?

இதை எழுதத் தூண்டியது ஒரு சின்னப் பிள்ளை கேட்ட கேள்வி.

எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் கொழும்பில் ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ஒற்றை அறை வீடுதான். என்றாலும் வாசலுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கும் பொதுவான ஒரு முற்றம் இருந்தது. உம்மாமார் அங்கே அமர்ந்துதான் கீரை ஆய்வார்கள். பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடுவார்கள். பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற பேதமில்லை. எல்லோர் மீதும் பத்து உம்மாமாரின் கண் இருக்கும். பின்னர் அந்தத் தோட்டம் இடிபட்டது. இவருக்குத் தொடர்மாடியில் 9ஆம் மாடியில் வீடு கிடைத்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர், கழிவறை வீட்டுக்குள்ளேயே, மழைக்கு ஒழுகாத கூரை. "அல்ஹம்துலில்லாஹ், குறை சொல்ல ஏலாது" என்றுதான் அவரும் சொல்கிறார்.

ஒரு நாள் அவருடைய ஐந்து வயது மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு திரும்பி, "உம்மா, கீழே இருக்கிற நிலம் யாருட?" என்று கேட்டானாம்.

இதைச் சொல்லிவிட்டு அந்தச் சகோதரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது இதுதான்: "இவன் பெரியவனானா பந்தை எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிடுவான், ராத்தா. மூத்த மகளை நினைச்சாத்தான் கவலை. பன்னிரண்டு வயசு. ஸ்கூல் விட்டா வீடு, வீடு விட்டா ஸ்கூல். மானத்தைப் பாக்கிறதுக்கும் ஜன்னலுக்குத்தான் வரணும்."

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நம்முடைய நகரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அதுவும் கல்லில் செதுக்கப்பட்ட பதில்.

ஒரு கவர்னர் வைத்த கல்

காலிமுகத்திடலுக்கு நாம் எல்லோரும் போயிருக்கிறோம். பெருநாள் மாலையில் புதுச்சட்டையுடன் போய், இஸ்ஸோ வடை வாங்கித் தின்று, கடற்காற்றில் நனைந்து திரும்பாத கொழும்புப் பிள்ளை இருக்க முடியாது. ஆனால் கடலோர நடைபாதையில் உள்ள ஒரு பழைய கல்லை எத்தனை பேர் நின்று வாசித்திருப்போம்?

பிரித்தானியர் காலத்தில் இங்கு ஆளுநராக இருந்தவர் சேர் ஹென்றி வார்ட். இந்த நடைபாதையை அவர் 1856இல் தொடங்கினார். 1859இல் வேலை முடிந்தது. முடிந்தபோது அவர் வைத்த கல்லில், தொடங்கிய வருடத்தையும் முடித்த வருடத்தையும் குறிப்பிட்டு, தனக்குப் பின்னால் வரும் ஆளுநர்களுக்கு ஒரு வேண்டுகோளையும் பதித்து வைத்தார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இந்த இடத்தைப் பேணி வாருங்கள் என்பதே அதன் கருத்து.

அவர் அன்று மனதில் நினைத்தது வெள்ளைக்காரச் சீமாட்டிகளையாக இருக்கலாம். மாளிகாவத்தையில் இருந்தும் கொம்பனித்தெருவில் இருந்தும் நம் உம்மும்மாமார் பிள்ளைகளை இடுப்பில் சுமந்துகொண்டு அங்கே வருவார்கள் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார். எண்ணாவிட்டால் என்ன? எழுதியது எழுதியதுதான். குதிரைப் பந்தயம் நடந்த திடல் அது. இன்று சுமார் 5 ஹெக்டயர் அளவில், ஒரு பக்கம் ஹோட்டல்களும் மறு பக்கம் கடலுமாக மிஞ்சியிருக்கிறது. அதன் மீது முதல் உரிமை யாருக்கு என்று கேட்டால், கல் சொல்கிறது: பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்.

ஆகவே, "கீழே இருக்கிற நிலம் யாருட?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், "அதில ஒரு பங்கு நம்மட" என்று தைரியமாகச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது. கூட்டிக்கொண்டும் போக வேண்டும்.

வெளியே போவது தேவைதானா?

"பெண்களுக்கு வீடுதானே நல்லது" என்று யாராவது சொல்லக்கூடும். வீடு நல்லதுதான். ஆனால் நம் முன்மாதிரியான வீட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். ரஸூல் (ஸல்) அவர்கள் தமது மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுடன் பயணத்தில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முதல் முறை ஆயிஷா (ரலி) முந்தினார்கள்; பிறகொரு முறை ரஸூல் (ஸல்) அவர்கள் முந்தி, அதற்கு இது ஈடாகிவிட்டது என்றார்கள். பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது, ஆயிஷா (ரலி) பார்ப்பதற்காக ரஸூல் (ஸல்) அவர்கள் நின்று மறைத்துக் கொடுத்தார்கள். தாமாகச் சலித்து, போதும் என்னும்வரை காத்திருந்தார்கள். ஒழுக்கத்தையும் மறைப்பையும் நமக்குக் கற்றுத் தந்த அதே வீட்டில்தான் ஓட்டமும் பார்வையும் சிரிப்பும் இருந்தன.

உடம்பின் பக்கத்தையும் பார்ப்போம். வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது சுறுசுறுப்பாக நடக்கவோ அதற்கு ஈடாக வேறு பயிற்சி செய்யவோ வேண்டும் என்றும், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்கு 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சமையலறைக்கும் ஹோலுக்கும் இடையில் நாள் முழுக்க நடந்தாலும் அது இந்தக் கணக்கில் முழுமையாகச் சேராது. பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் போதிய நேரம் இருந்தால் கிட்டப் பார்வைக் கோளாறு வருவது குறைகிறது என்று கண் வைத்தியர்கள் கூறுகிறார்கள். நான்கு சுவருக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தூரத்தைப் பார்க்கும் பழக்கமே போய்விடுகிறது. வெயில் தோலில் பட்டால்தான் உடம்பு விற்றமின் டீயை உண்டாக்கும். எலும்புக்கு அது வேண்டும். நம்மைப் போல் மறைத்து உடுத்துகிறவர்களுக்கு இதில் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். வீட்டு முற்றமோ, பெண்கள் மட்டும் இருக்கும் மொட்டை மாடியோ இருந்தால் சற்று நேரம் கையையும் முகத்தையும் வெயிலில் காட்டுங்கள். எலும்பு வலியும் ஓயாத களைப்பும் இருந்தால் வைத்தியரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

மனதின் பக்கம் இருக்கிறதே, அதை நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகள் மீது காரணமில்லாமல் எரிந்து விழுகிற மாலை நேரம் எப்படிப்பட்டது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

எங்கே போவது?

"கொழும்பில் எங்கே போற? எல்லா இடமும் காசுதானே" என்று சொல்லிவிடுகிறோம். சற்றுத் தேடினால் நகரத்தின் நான்கு பக்கத்திலும் இடமிருக்கிறது.

முதலில் நகரத்தின் நடுவே. விகாரமகாதேவி பூங்காவை நம் மூத்தவர்கள் இன்றும் விக்டோரியா பார்க் என்றே சொல்வார்கள். மாநகர சபையின் வெள்ளை மண்டபத்துக்கு எதிரே விரிந்து கிடக்கிறது. பெரிய மரங்களின் நிழலில் மத்தியானத்திலும் இருக்கலாம். சில மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்குவதைக் காட்டினால் பிள்ளைகள் அரை மணித்தியாலம் அசையமாட்டார்கள். சில மூலைகள் குடும்பத்துடன் போக ஏற்றதல்ல என்ற தயக்கம் நம்மிடையே உண்டு. அந்தத் தயக்கத்துக்காகப் பூங்கா முழுவதையும் விட்டுவிட வேண்டியதில்லை. பிள்ளைகள் விளையாடும் பக்கத்தில் பாயை விரித்துக்கொள்ளுங்கள். குடும்பங்கள் கூடும் இடத்தில் மற்றவை தாமாக ஒதுங்கிவிடும்.

பூங்காவுக்கு அருகில்தான் தேசிய நூதனசாலை. 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவர் யார் தெரியுமா? அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். நம் சமூகத்தைச் சேர்ந்த கட்டட ஒப்பந்தக்காரர். சேர் ராசிக் பரீதின் பாட்டனார். வேலை முடிந்ததும், உனக்கு என்ன கௌரவம் வேண்டும் என்று ஆளுநர் கேட்க, தனக்கொன்றும் வேண்டாம், ஜும்ஆ நாளில் நூதனசாலையை மூடினால் போதும் என்று அவர் சொன்னதாக நம் பெரியவர்கள் கதை சொல்வார்கள். கட்டடத்துக்கு முன்னால் உள்ள பெரிய மரத்தடியில் நின்று உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இந்த நகரத்தில் நாம் விருந்தாளிகள் அல்லர். கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் என்பது அவர்கள் மனதில் பதியட்டும். 138ஆம் இலக்க பஸ் அந்தப் பக்கமாகப் போகிறது.

சற்றுத் தள்ளிப் போனால் சுதந்திர சதுக்கம். அங்கே நடைபாதை அகலமானது. விடியற்காலையிலும் மாலையிலும் எல்லா இனத்துப் பெண்களும் நடக்கிறார்கள். தனியே நடக்கக் கூச்சப்படும் சகோதரிகளுக்கு, கூட்டத்தோடு கூட்டமாக நடக்க ஏற்ற இடம். அபாயாவுக்குக் கீழே ஒரு சாதாரணச் சப்பாத்து அணிந்துகொண்டால் போதும்.

வடக்கே இருப்பவர்களுக்கு மட்டக்குளியில் காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்கா உண்டு. களனி கங்கை கடலோடு கலக்கும் பக்கம் அது. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்துச் சகோதரிகள் காலிமுகத்திடலுக்கு வரும் பஸ் செலவை மிச்சம் பிடிக்கலாம். கடலில் இறங்குவதற்கல்ல, மணலில் இருந்து சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கு.

தெற்கே வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடல் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெற்கே, வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. அலைச் சத்தத்திலும் காற்றிலும் ரயில் வரும் சத்தம் காதில் விழாது. தண்டவாளத்தைக் கடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்திருங்கள். தண்டவாளத்தின் மீது நடப்பதையோ, நின்று போட்டோ எடுப்பதையோ ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

கிழக்கே இருப்பது பலரும் அறியாத செல்வம். 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், உலகில் முதன்முதலாக 18 நகரங்களுக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் வழங்கப்பட்டது. அவற்றில் கொழும்பும் ஒன்று! நாம் சேறு, சதுப்பு என்று முகத்தைச் சுளித்த இடங்களுக்குத்தான் அந்தக் கௌரவம். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவில் தண்ணீருக்கு மேலே மரப்பாலம் போட்ட பாதைகள் இருக்கின்றன. கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி, ஊதா நிறத் தண்ணீர்க் கோழி எல்லாம் கையெட்டும் தூரத்தில் நிற்கும். தடித்த கபரகொய்யா ஒன்று பாதையைக் கடந்தால் பயப்பட வேண்டாம். அது தன் வழியில் போய்விடும். தலங்கம வாவிக் கரையில் பறவைகளோடு, இலங்கையில் மாத்திரமே உள்ள கருமுகக் குரங்கையும் சில வேளை காணலாம். பத்தரமுல்லை தியத உயன தியவன்னா ஓயாக் கரையில் இருக்கிறது. பூச்செடி விற்பனையும் உண்டு. 177ஆம் இலக்க பஸ்ஸில் போகலாம்.

இந்தச் சதுப்பு நிலங்கள் பறவை பார்ப்பதற்கு மட்டுமல்ல. மழை வெள்ளத்தை உறிஞ்சி வைத்து மெதுவாக விடுவது அவற்றின் வேலை. 2016 மே மாதம் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கத்தில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. சமைத்த சோற்றுப் பார்சலுடன் படகில் போனவர்கள் நம்மில் பலர். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த மேடும் ஒரு காலத்தில் சதுப்பு நிலம்தான். திறந்த நிலம் வெறும் நிலம் என்று நினைத்த தவறுக்கு ஏழைக் குடும்பங்களே விலை கொடுத்தன.

போவது எப்படி?

எத்தனையோ இடங்களைச் சொல்லிவிட்டேன். ஆனால் பெண்களைத் தடுப்பது பெரும்பாலும் தூரமல்ல. சின்னச் சின்னக் காரியங்கள்தான்.

முதலாவது, நேரம். அஸர் தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் மஃரிபுக்கு முன் இரண்டரை மணித்தியாலமாவது கையில் இருக்கும். கொழும்பில் வருடம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறு மணியை ஒட்டியே மறைகிறது. நவம்பரில் சற்று முந்தும், ஜூலையில் சற்றுப் பிந்தும். காலை வேளை என்றால் ஸுபஹுக்குப் பின் எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். இரவுச் சாப்பாட்டுக் கறியைப் பகலிலேயே சமைத்து வைத்துவிடுங்கள். வந்து பாண் வாங்கித் தின்றாலும் குற்றமில்லை.

இரண்டாவது, தொழுகை. பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது. வுழூவுடன் போங்கள், பையில் ஒரு முஸல்லாவும் ஒரு போத்தல் தண்ணீரும் இருக்கட்டும். எல்லாப் பள்ளிவாசல்களிலும் பெண்களுக்கு இடம் இல்லை. எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று முன்னரே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, யாரும் வாய் திறந்து பேசாத ஒன்று: கழிவறை. வெளியே போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் சகோதரிகளை நான் அறிவேன். கொழும்பு வெயிலில் அது சிறுநீரகத்துக்கு ஆபத்து. நுழைவுக் கட்டணம் வாங்கும் பூங்காக்களிலும் நூதனசாலை போன்ற இடங்களிலும் கழிவறை இருக்கும். சிறு பிள்ளைகளோடு போகும்போது அப்படியான இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

நான்காவது, செலவு. பஸ் காசை விட, போன இடத்தில் தின்னும் காசுதான் அதிகம். வீட்டில் செய்த கட்லட்டும், ஃபிளாஸ்கில் பிளேன்டீயும், வெட்டிய பழமும் கொண்டுபோனால் ஐந்து பேருக்கும் போதும். ஒரு இஸ்ஸோ வடையை மாத்திரம் வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதுவும் இல்லாவிட்டால் காலிமுகத்திடலுக்குப் போனது போலவே இருக்காது!

ஐந்தாவது, பாதுகாப்பு. இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து போவது நல்லது. மாமியையோ மச்சியையோ அழைத்துச் செல்லுங்கள். அவர்களும் வீட்டுக்குள்தானே இருக்கிறார்கள். தொலைந்தால் எங்கே வந்து நிற்பது என்று பிள்ளைகளுக்கு ஓர் அடையாள இடத்தைக் காட்டி வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். காலிமுகத்திடலின் படிக்கட்டுகளில் இறங்க விடாதீர்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். வானம் கறுத்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரத்திலும்தான் கடிக்கும். பிள்ளைகளுக்கு நீளக் கை சட்டை அணிவியுங்கள்.

பயத்தைப் பற்றி

இன்னொரு தடை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது.

2019 ஏப்ரலில் நடந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், அந்தக் கொடுமையைச் செய்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத நம் பெண்கள் அபாயாவுடன் பஸ்ஸில் ஏறவும் தயங்கினார்கள். கடைக்குப் போனாலும் பார்வை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பார்வை. பூங்கா என்பது நினைப்பிலேயே இல்லாமல் போனது. அன்று உள்ளே போன சில சகோதரிகள் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

அவர்களுக்கு இன்னொரு வருடத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். 2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் மக்கள் திரண்டு போராடியபோது ரமழான் மாதமும் வந்தது. அதே திடலில் நம்மவர்கள் நோன்பு திறந்தார்கள்; சிங்கள, தமிழ் சகோதரர்களும் கூட அமர்ந்து பேரீச்சம்பழமும் கஞ்சியும் பகிர்ந்துகொண்டார்கள். அரசியல் எப்படிப் போனாலும் போகட்டும். ஒரே புல்லில் அமர்ந்து சாப்பிட்டவர்களுக்கு ஒருவரையொருவர் பார்த்துப் பயப்படுவது சற்றுக் கடினம். நாம் வீட்டுக்குள் இருந்துகொண்டு, "அவர்கள் நம்மைத் தவறாக நினைக்கிறார்கள்" என்று கவலைப்படுவதைவிட, பக்கத்துப் பாயில் இருக்கும் சிங்களத் தாய்க்கு இரண்டு கட்லட்டை நீட்டுவது மேல். பிள்ளைகள் எப்படியும் ஐந்து நிமிடத்தில் சேர்ந்துவிடுவார்கள்.

போன இடத்தில் நம் அடையாளமும் நம்முடன் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். மக்கள் நடக்கும் பாதையையும் ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என்று ரஸூல் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றார்கள். பெருநாளுக்கு மறுநாள் காலையில் காலிமுகத்திடலைப் பார்த்தவர்கள் வெட்கப்பட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு காலிப் பையைக் கையோடு கொண்டுபோய், நம் குப்பையுடன் பக்கத்தில் கிடப்பதையும் பொறுக்கி வாருங்கள். பிள்ளைகள் பார்த்துப் பழகிக்கொள்வார்கள்.

வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தைக் கணவன்மாரும் இரகசியமாக வாசிக்கிறார்கள் என்று கேள்வி. ஆகவே உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குக் கடை இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, இஷாவுக்குப் பின் சந்தியில் நின்று கதைக்க நண்பர்கள் இருக்கிறார்கள். உங்கள் மனைவிக்கு ஜன்னல் மாத்திரம்தான் இருக்கிறது. மாதத்தில் இரண்டு போயா, ஞாயிறு மாலைகளை அவர்களுக்குக் கொடுங்கள். பந்தை மகனுக்கு வாங்கும்போது, பட்டம் ஒன்றை மகளுக்கும் வாங்குங்கள்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மத்ரஸா முற்றமும் பாடசாலை மைதானமும் வாரத்தில் பல மாலைகள் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் ஒரே ஒரு மாலை, அஸரிலிருந்து மஃரிப் வரை, உம்மாமாரின் பொறுப்பில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் அதைத் திறந்துவிட ஏலாதா? இதற்குக் காசு வேண்டாம். ஒரு சாவியும் ஒரு நல்ல மனமும் போதும். காலிமுகத்திடல் தூரமான பிள்ளைக்கு இது ஒரு முற்றமாகும்.

அந்த 9ஆம் மாடிச் சகோதரியை மூன்று வாரத்துக்கு முன் கண்டேன். கணவரையும் மாமியையும் சம்மதிக்க வைத்து, ஒரு ஞாயிறு மாலை எல்லோரும் காலிமுகத்திடலுக்குப் போனார்களாம். சின்னவன் புல்லில் விழுந்து புரண்டு, புதுச் சட்டையைப் பச்சையாக்கிக்கொண்டான். மூத்த மகள் முதலில் வெட்கப்பட்டு உம்மாவின் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். பிறகு வாப்பா பட்டத்தின் நூலை அவள் கையில் கொடுத்தாராம். மஃரிப் பாங்கு நேரம் நெருங்கியும் இறக்க மனமில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "உம்மா, அடுத்த ஞாயிறும் போக ஏலுமா?"

அந்தக் கல்லை வாசித்தீர்களா என்று நான் கேட்டேன். "இல்ல ராத்தா, இருட்டிட்டு. அடுத்த முறை இன்ஷா அல்லாஹ் மகளையே வாசிக்கச் சொல்றன்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் ஊரில், உங்கள் வீதியில் பெண்களும் பிள்ளைகளும் நிம்மதியாக இருக்கக்கூடிய திறந்த இடம் எது? எந்த நேரம் ஏற்றது, எந்த பஸ், கழிவறை இருக்கிறதா என்று ஒரு சிறு குறிப்பு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வோம். நம் வீடுகளையும், வீட்டுக்கு வெளியே அவன் விரித்து வைத்திருக்கும் பூமியையும் நமக்கு நலமுள்ளதாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.